தலைவர் இல்லாத மூன்று வருஷமும் தண்ணீர் வந்தது: ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிராம ஊராட்சித் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், தலைவர் பதவி காலியாக இருக்கிற ஊர்களில் பொறுப்பு வகிக்கும் தனி அலுவலர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும்,

வணக்கம்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபை வருகிறது. ஊருக்கு உழைக்கிறவர்களை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்கிற வழக்கம் இந்த நாளையொட்டி உருவாகியிருக்கிறது. 2022-ல் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். வருஷத்துக்கு நான்காக இருந்த கிராம சபை ஆறானது, நவம்பர் 1 உள்ளாட்சி தினமானது, தூய்மைக் காவலர்களின் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது எல்லாம் அந்தச் சமயத்தில்தான். அந்த நாளை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது பற்றித்தான் இந்த மடல். அழைப்பு நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர். ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தால் இடதுபக்கச் சுவரில் ஒரு நீலப் பலகை இருக்கும். தலைவராக இருந்தவர்களின் பெயரும் வருஷமும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். உங்கள் ஊரிலும் இருக்கும். போன மாதம் வீட்டு வரி கட்டப் போனவன், ரசீது போடுகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 1996-ல் ஆரம்பிக்கிறது. ஒரு வரி 2016 என்று முடிகிறது. அடுத்த வரி 2020 என்று தொடங்குகிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய், தள்ளிப்போய், 2019 டிசம்பரில்தான் எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஓட்டுப் போட்டோம். தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. போதாக்குறைக்கு, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். அந்த வருஷம் எங்கள் கண்மாயில் ஆடு படுத்துக் கிடந்தது.

ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது. தினமும் வரவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள், சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு தடவை. எப்போது வரும் என்பது மட்டும் தெருவுக்குத் தெரியும். ஏனென்றால் எங்கள் டேங்க் ஆப்பரேட்டர் முதல்நாள் சாயங்காலம் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவார். போர் குழாயில் தண்ணீர் இறங்கிப்போனதால் மோட்டாரைத் தொடர்ந்து ஓட்ட முடியாது. இருபது நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பகலில் வோல்டேஜ் கிடைக்காது. அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மோட்டார் அறையிலேயே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். கருவேலங்காட்டுக்குள் அந்த ஒரு பல்பு மட்டும் எரியும். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள்தான்.

எங்கள் தொட்டி 30,000 லிட்டர். தொட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது: கொள்ளளவு, திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, திறந்து வைத்தவர் பெயர். அதில் குளோரின் கலப்பது எப்படி என்று ஒருநாள் கூடவே ஏறிப் பார்த்தேன். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியானால் எங்கள் தொட்டிக்கு 120 கிராம். அதைத் தராசில் நிறுத்தார், கை அளவுக்கு விடவில்லை. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, குச்சியால் கிண்டி, சுண்ணாம்பு அடியில் படிகிற வரைக்கும் காத்திருந்தார். மேலே நின்ற தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் ஏறினார். ஏணியில் இரண்டு படி துருப்பிடித்து விழுந்துவிட்டது. அந்த இடத்தில் காலைத் தூக்கி வைப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. எனக்கு முழங்கால் நடுங்கியது. ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறந்தார். “சின்னப் புள்ளைங்க குடிக்கிற தண்ணி” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் நிர்வாகத்தில் ஆள் இல்லாத அந்த மூன்று வருஷத்துக்கும் பலகையில் ஒரு பெயர் எழுத வேண்டும் என்றால் நான் அவர் பெயரைத்தான் எழுதுவேன். 2025 ஜனவரியில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் வால்வைத் திறந்தவர் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரிலேயே நடந்த உள்ளாட்சி தினக் கூட்டத்தைச் சொல்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வருகிற தூய்மைக் காவலர் அக்கா அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே சமுதாயக்கூடத்துக்கு வந்துவிட்டார். வாசலைக் கூட்டினார். உள்ளே அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துத் துடைத்து வரிசையாகப் போட்டார். தண்ணீர்க் கேனை இழுத்து வந்து வைத்தார். பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. வரவு செலவு வாசித்தார்கள். அப்புறம் பாராட்டு. “நம்ம தூய்மைக் காவலர்கள் மூணு பேரும் மேடைக்கு வாங்க” என்று மைக்கில் சொன்னார்கள். மூன்று பேர் போனார்கள். மூன்று சால்வை, ஒரு போட்டோ. கைதட்டினோம். கீழே இறங்கியபோது நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டிருந்தது. அந்த அக்கா சுவரோரமாக நின்றார். சால்வையைப் பிளாஸ்டிக் கவருக்குள் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்து, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் டீ கப்புகளைப் பொறுக்கினார்.

கொஞ்ச நாள் கழித்துக் கேட்டேன், அந்தச் சால்வையை என்ன செய்தீங்க அக்கா என்று.

“அத மேல போட்டுக்கிட்டு வேலைக்கா வர முடியும் தம்பி? பெட்டியில கெடக்கு. என் பேத்தி வந்திருந்தா அன்னைக்கு. பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அவ காதுல விழுந்திருக்கும்.”

அந்த வார்த்தை இன்றுவரை என்னை விடவில்லை. எட்டு வருஷமாக எங்கள் வீட்டுக் குப்பையை வாங்குகிறவர். நாங்கள் பிரித்துக் கொடுக்காததை அவர் கையால் பிரிக்கிறவர். உடைந்த ட்யூப்லைட்டையும் குழந்தையின் டயப்பரையும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். அவருடைய கையுறையின் இரண்டு விரல் நுனி கிழிந்து, அதில் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். அப்படிப்பட்டவரின் முழுப்பெயர் அன்று மேடையில் இருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே அன்றைக்குத் தெரியாது. “குப்பைக்கார அக்கா” என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏறத்தாழ 1,400 வருஷம் ஆகிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் விழுந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லில் வீரனுக்குப் பின்னால் அவனுடைய நாயும் நிற்கிறது. கள்வனைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று கல்வெட்டு சொல்கிறது, அதன் பெயரையும் சொல்கிறது: கோவிவன். ஒரு நாய்க்குக்கூட அதன் பெயரை வெட்டினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது. எங்கள் அக்கா கேட்டது அவ்வளவுதான்.

நடுகல்லோடு விஷயம் முடிந்துவிடவும் இல்லை. ஊருக்காகச் செத்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்தார்கள். ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினார்கள். அந்த நிலத்தின் விளைச்சலில்தான் ஏரி வேலை நடந்தது. பெயர் கல்லில், பிழைப்பு நிலத்தில். மரியாதை என்றால் இரண்டும் சேர்ந்ததாக இருந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மரியாதை என்ற சொல்லுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் எந்தத் தலைக்கு என்று வழக்குப் போட்டு, போலீஸ் வந்து, தேர் நின்றுபோன ஊர்கள் தென்மாவட்டங்களில் எத்தனையோ. அந்த மரியாதை யார் வீட்டில் பிறந்தோம் என்பதால் வருவது, என்ன செய்தோம் என்பதால் வருவதில்லை. துப்புரவு வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2020-ல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவரையே, அவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காக, கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியாகி நாடே பார்த்தது. அதனால்தான் நாற்காலி என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. சால்வை போட்ட கையோடு உட்கார ஒரு நாற்காலியும் காட்டினால்தான் அந்தச் சால்வைக்கு அர்த்தம்.

விருது கொடுத்தவுடன் நம் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்வது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. மதுரை அழகர்கோயில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோரும் அறிவோம். களஞ்சியம் மகளிர் குழுக்களைக் கட்டி வளர்த்தவர், கூலி வேலை பார்த்தவர். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. ஆனால் சொன்னபடி வீடு கிடைக்கவில்லை என்று அவரே வருத்தப்பட்ட செய்தி 2024-ல் வந்தது. அதற்கு அப்புறம்தான் மாநில அரசு அவருக்கு வீடு கட்டித்தர உத்தரவு போட்டது. நாட்டின் பிரதமரே வணங்கிய ஒருவருக்கு ஒரு கூரைக்காக இத்தனை வருஷம். அப்படியென்றால் பெயர் வெளியே தெரியாத நம் ஊர் ஆட்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நல்லபடியாக நடந்ததும் இருக்கிறது. அதே மதுரைப் பக்கம் கொடிக்குளத்தில், ஆயி பூரணம் அம்மாள் தன் மகள் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். 2024 குடியரசு தினத்தன்று முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். விருது என்ற அளவில் சரி. என்னைத் தொட்டது, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மகளின் பெயர் தெரியும் என்பதுதான்.

இனி எங்கள் கண்மாய்க்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனசில்லை.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சிக்கு, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து விடுகிறவருக்கு, எழுபது வயசு இருக்கும். எந்த மடையை எத்தனை சாண் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எத்தனை நாழியில் போகும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். 2021 நவம்பரில் மழை கொட்டியபோது கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் போனது. ஊரே சந்தோஷமாக வேடிக்கை பார்க்கப் போனோம். அவர் கலுங்குப் பக்கமே வரவில்லை. கரையின் வெளிச்சரிவில் டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்துகொண்டிருந்தார். நடு மடைக்குக் கொஞ்சம் தள்ளி, கணுக்கால் உயரத்தில், எலி வளை வழியாகத் தண்ணீர் கசிந்தது. அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். தெளிவாக வந்தால் பயமில்லையாம், கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தமாம். கலங்கலாகத்தான் இருந்தது. நான்கு பையன்களைக் கூப்பிட்டு, வைக்கோலைப் பிரியாகத் திரித்துச் சுருட்டி, களிமண்ணோடு சேர்த்து உள்பக்கம் வளையின் வாயில் இறக்கி மிதிக்கச் சொன்னார். கழுத்தளவு தண்ணீரில் அவரும் இறங்கினார். ராத்திரி இரண்டு மணிக்குக் கசிவு நின்றது. அதற்கு அப்புறமும் மூன்று ராத்திரி கரையில்தான் படுத்திருந்தார்.

அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் கொடுப்பார்கள். விளையாத வருஷம் அதுவும் இல்லை. கண்மாய் பெரியது என்பதால் பொதுப்பணித்துறைக் கணக்கில் இருந்தது, இப்போது நீர்வளத்துறை. ஊராட்சிப் பதிவேட்டில் அவர் இல்லை, துறையின் பதிவேட்டிலும் இல்லை. அதனால் உள்ளாட்சி தினப் பாராட்டுப் பட்டியலிலும் இல்லை. அவருக்குப் பின்னால் இந்த வேலைக்கு ஆளும் இல்லை. அவருடைய பேரன் திருப்பூரில் இருக்கிறான்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பணம் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில், யாருக்கு மரியாதை என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பட்டியல் அலுவலகத்தில் தயாரானால் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். நீர்பாய்ச்சி விட்டுப்போவார். ராத்திரி எத்தனை மணிக்கு எழுப்பினாலும் பிரசவத்துக்கு ஆட்டோ எடுக்கிறவர் விட்டுப்போவார். மயானத்தில் குழி வெட்டுகிறவர் விட்டுப்போவார். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பெண்ணும் விட்டுப்போவார். ஒவ்வொரு வார்டிலும் நூறுநாள் வேலை நடக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, “போன வருஷம் உங்களுக்குக் கஷ்டமான நேரத்தில் வந்து நின்றது யார்?” என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் பெயர் வந்துவிடும். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு நிரப்ப அந்தப் பெண்களைத்தானே கூப்பிடுகிறோம். மக்கள்தொகை 501-லிருந்து 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். அந்த நூறில் முக்கால்வாசி அவர்கள். கையெழுத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் கருத்தையும் கேட்போம்.

அப்புறம், தேர்ந்தெடுத்தவர்களின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இன்ன வருஷம் இன்ன மாதம் இன்ன வேலை செய்தார் என்று இரண்டு வரி, முழுப்பெயரோடு. கிராம சபைத் தீர்மானம் ஊராட்சியின் ஆவணம். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட முடியும். எழுதுவதற்கு முன்னால் அவர்களிடமே பெயரைக் கேட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள். தலைவர்களின் நீலப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள். அதில் ஊராட்சியில் வேலை செய்தவர்களின் பெயரும், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதும் இருக்கட்டும். ஒரு பலகைக்கும் பெயிண்டருக்கும் ஆகிற செலவு சால்வைச் செலவைவிட அதிகமாக இருக்காது.

மதிப்பூதியம் உங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள், உண்மைதான். 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் என்ன செய்யும் என்பதை அரசிடம் தனியாகக் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் பட்டியலை நேரத்துக்கு அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. கையுறை கிழிந்தால் மாற்றிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் தொட்டி ஏணியில் அந்த இரண்டு படியை வெல்டிங் வைப்பது ஒரு மத்தியான வேலை. டேங்க் ஆப்பரேட்டருக்கு இந்த வருஷம் சால்வை போடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அதற்கு முன்னால் அந்தப் படியை வைத்துவிடுங்கள்.

நீர்பாய்ச்சிக்கு என்ன செய்வது என்பது கொஞ்சம் சிக்கல். துறைக்கு எழுதினால் கோப்பு போகும், வரும். அதுவரை ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள், எல்லோரும் சேர்ந்து ஏக்கருக்கு ஒரு தொகை, விளைந்தாலும் விளையாவிட்டாலும், என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது. முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அவர் உடம்பில் தெம்பு இருக்கும்போதே இரண்டு பையன்களை அவரோடு கரையில் நடக்க விட வேண்டும். மடைக்கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் ஊராட்சிச் செயலரிடம் மூன்று பெயரை முழுசாக எழுதி, அவரவர் வீட்டில் வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். மற்ற வார்டுகளிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நவம்பர் 1 காலையில் சமுதாயக்கூடத்தைக் கூட்டி, நாற்காலி துடைத்துப் போடுகிற வேலையை நானும் எங்கள் தெருப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறோம். டீ கப்பையும் நாங்களே எடுத்துவிடுகிறோம். அந்த அக்காவைப் பத்தரை மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருப்போம்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரை ஊர் ஒன்றின் வாக்காளர்,
சிவகங்கை மாவட்டம்.